மொசைக் ட்ரைசோமி 18 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. குழந்தை எத்தனை வருடம் இருக்கும்?

உங்கள் பேத்திக்காகக் கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கும் இதேதான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அவளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. நான் டாக்டர் இல்லை, இதை ஒரு அம்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடியிருப்பீர்கள். ட்ரைசோமி 18 குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்தான் முதல் பிறந்தநாளைத் தாண்டுவார்கள் என்று படித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் எல்லாச் செல்லிலும் 18ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் குழந்தைகளின் கணக்கு. மொசைக்கில் சில செல்களில் 47 குரோமோசோம், மீதியில் எல்லாருக்கும் இருக்கிற 46. இவர்களுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. கைக்குழந்தையாகவே போய்விடுவதும் நடக்கிறது. படித்துக் கல்யாணமாகி, கரு திரும்பத் திரும்பக் கலைகிறதே என்று டெஸ்ட் எடுத்தபோதுதான் தனக்கு இது இருப்பதையே தெரிந்துகொண்ட பெண்களும் இருக்கிறார்கள்.

எத்தனை சதவீதச் செல்களில் இது இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள். அதை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். ரத்தத்தில் கொஞ்சம் செல்களை எண்ணிச் சொல்வது அது. மூளையிலும் இதயத்திலும் எவ்வளவு என்று அதில் தெரியாது. என் மகளுக்கு ரத்தத்தில் பாதிக்கு மேல். தாமதமாகத்தான் நடந்தாள், பேச்சு குறைவு. ஆனால் மினி பஸ் ஹாரனை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவாள், எனக்கு அது வராது.

எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். அவள் போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் எங்களைத் தேற்றினார்கள். இருந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. இதயத்தில் ஓட்டை இருந்தது. "இந்தக் குழந்தைக்கு எதுக்கும்மா ஆபரேஷன்" என்று ஒரு ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வேறு இடத்தில் செய்தோம். அப்புறம் பத்து வயதுவாக்கில் முதுகு ஒரு பக்கம் வளைய ஆரம்பித்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வருமாம், வந்த பிறகுதான் சொன்னார்கள். அதனால் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எப்போது, முதுகைப் பார்ப்பது எப்போது, காது, கண் எப்போது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் கட்டி வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பதால் சின்ன வயதில் அவ்வப்போது வயிற்று ஸ்கேன் வேண்டுமா என்றும் கேளுங்கள். தடுப்பூசி ஒன்றையும் விடாதீர்கள்.

நெஞ்சுச் சளிதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, ஊரே பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது அவளுக்கு இழுப்பு. மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கிற நெபுலைசர் ஓட வேண்டுமே. தெருக்கோடி மாவு மில் அண்ணன் ஜெனரேட்டர் வைத்திருந்தார். தென்னை மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்த ரோட்டில் அவளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ப் போய் வந்தோம். டெல்டாவில் இருந்தால் பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சிக்கு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் காட்டுங்கள், செலவில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், உதவித்தொகை என்று போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று, உங்களுக்கு இப்போது ரொம்பத் தூரமாகத் தெரியும். அறிவுசார் குறைபாடு இருந்தால் 18 வயதுக்குப் பிறகு பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் அந்த உத்தரவை வாங்கிவிட்டோம். எங்களுக்குப் பிறகு யார் என்ற பேச்சு வந்தபோது என் தம்பி உடனே சரி என்றான். அவன் மனைவி, "யோசிச்சுச் சொல்றேன் அண்ணி" என்றாள். போன மாதம் அவளே வந்து, மாத்திரை விவரமெல்லாம் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.