கோப்பு முழுவதும் வந்த பிறகே அடுத்த வேலை

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆர்டர் கோப்புகளை இரவு 2 மணிக்கு விண்டோஸின் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) கட்டளை வழியாக இறக்கி, அளவு, நிறம் வாரியாகப் பிரிக்கும் பைதான் நிரலை எழுதியிருக்கிறேன். சில நாள்களில் பாதிக் கோப்பு இறங்கும்போதே அது பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. 10 நிமிடம் காத்திருக்கச் சொல்லியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: 10 நிமிடம் என்பது வெறும் ஊகம். சாயப்பட்டறைக்குப் போன துணி நாளை வந்துவிடும் என்று நம்பித் தையல் ஆட்களை வரவழைத்து உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்பதைத் திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பைதானின் 'சப்பிராசஸ்' தொகுதியில் 'பிஓப்பன்' என்று அழைத்தால், அது வேறொரு நிரலைத் தொடங்கி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். 'ரன்' என்று அழைத்தால் அந்த நிரல் முடியும்வரை காத்திருக்கும். உங்கள் நிரலில் இருப்பது முதல் வகையாக இருக்கக்கூடும். 'ரன்' உடன் நேர வரம்பையும் கொடுத்துவிடுங்கள். இணைப்பு நடுவில் உறைந்து போனால் விடியும்வரை நிரல் காத்துக் கிடக்காது.

ஆனால், முடிந்தது என்பதும் வெற்றிகரமாக முடிந்தது என்பதும் ஒன்றல்ல. விண்டோஸுடன் வரும் எஃப்டிபி கட்டளை, கோப்பு இறங்காமல் போனாலும் பெரும்பாலும் வெற்றியைக் குறிக்கும் 0 என்ற முடிவு எண்ணையே திருப்பித் தருவதால், அந்த எண்ணை நம்பி மேலே செல்வது ஆபத்து. 1985இல் வெளியான எஃப்டிபி நெறிமுறையின்படி, பரிமாற்றம் சரியாக முடிந்தால் சர்வர் 226 என்றும், நடுவில் அறுந்தால் 426 என்றும் பதில் அனுப்பும். எஃப்டிபி கட்டளை காட்டும் சர்வரின் பதில்களைச் சேமித்து, அவற்றில் அந்த 226 இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பிரிக்கத் தொடங்குங்கள்.

மேலும் ஒன்று: நீங்கள் இறக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் இன்னும் ஏற்றிக்கொண்டிருந்தால், உங்கள் பக்கம் 226 வந்தாலும் கிடைப்பது பாதிக் கோப்பாகவே இருக்கலாம். எனவே, தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுவதும் ஏறிய பின்பு அதே வட்டில் உண்மைப் பெயருக்கு மாற்றும்படி அவர்களைக் கேளுங்கள். கோப்பின் அளவு சற்று நேரம் மாறாதிருந்தால் முடிந்துவிட்டதாகக் கொள்வோரும் உண்டு. இணைப்பு மந்தமானாலும் அளவு மாறாதே என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. பெயர் மாற்ற அவர்கள் இசையாவிட்டால், கோப்பின் கடைசி வரியில் மொத்த ஆர்டர் வரிகளின் எண்ணிக்கையையாவது எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கை பொருந்தாத கோப்பை உங்கள் நிரல் தொடாமல் ஒதுக்கி வைக்கட்டும்.