அன்றாடக் காரில் கால் மைல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் சிலர், வீட்டில் அன்றாடம் ஓட்டும் காரையே டிராக் பந்தயக் களத்துக்கு, அதாவது கார்கள் நேர்கோட்டில் கால் மைல் ஓடும் களத்துக்கு, எடுத்துச் செல்வது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதே ஆர்வத்தோடு சென்னையிலிருந்தும் ஒரு கடிதம் வந்துள்ளது. இம்மாதப் பகுதி முழுவதையும் இந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சி): என்னிடம் இருப்பது பத்து ஆண்டுப் பழைய, 180 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் குடும்பக் கார். அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அதில்தான் போய் வருகிறோம். இதை வைத்துக்கொண்டு டிராக் பந்தயம் ஓட முடியுமா? பல்லாயிரம் டாலர் செலவழிக்காமல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்கிறார் என் நண்பர்.

பதில்: தாராளமாக முடியும். உங்கள் நண்பர் நினைப்பதற்கு மாறாக, இந்த விளையாட்டு பிறந்ததே அன்றாடக் கார்களை வைத்திருந்த இளைஞர்களுக்காகத்தான். 1950-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமானத்தளத்து ஓடுபாதையில் கட்டணம் வாங்கிக்கொண்டு பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். மறு ஆண்டில் வாலி பார்க்ஸ் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்ற சங்கத்தை நிறுவினார். பொதுச் சாலைகளில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர்களை, விதிகளும் பரிசோதனையும் உள்ள களத்துக்கு அழைத்து வருவது அந்தச் சங்கத்தின் முதன்மையான நோக்கங்களில் ஒன்று. இன்றும் பெரும்பாலான களங்களில் ‘டெஸ்ட் அண்ட் டியூன்’ என்ற பெயரில் மாலை நேர ஓட்டங்கள் நடக்கின்றன. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் எவரும், பொதுவாக ஒரு குடும்பம் உணவகத்தில் சாப்பிடும் செலவுக்கு மேற்படாத கட்டணத்தைச் செலுத்தி, காரைப் பரிசோதனைக்குக் காட்டிவிட்டு, வரிசை அனுமதிக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப ஓடலாம்.

உங்கள் பகுதிக்கு ஒரு வருத்தம் உண்டு. இங்கிலிஷ்டவுன் களத்தில் டிராக் பந்தயம் 2018-இல் நின்றுவிட்டது. ஆட்கோ களமும் 2023-இல் மூடப்பட்டது. ஒரு களம் மூடப்படும்போது அங்கே ஓடிக்கொண்டிருந்த இளைஞர்களில் சிலர் மீண்டும் சாலைக்குத் திரும்புகிறார்கள் என்பதால், இந்தச் செய்திகளை நான் சாதாரண வணிகச் செய்திகளாகப் படிப்பதில்லை. சற்றுத் தொலைவாக இருந்தாலும், பென்சில்வேனியாவில் ரெடிங் நகருக்கு அருகிலுள்ள மேப்பிள் குரோவ் களத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். முதல் மாலையில் எவருடனும் போட்டியிட வேண்டாம். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் விளக்குக் கம்பத்தையும் வரிசை முறையையும் பழகிக்கொண்டு நான்கைந்து ஓட்டங்கள் ஓடினாலே போதும்.

கேள்வி (மிச்சிகன்): கால் மைல் ஓட்டத்தில் எனக்குக் கிடைத்த டைம் ஸ்லிப்பில் (நேரங்களை அச்சிட்டுத் தரும் சீட்டில்) ரியாக்‌ஷன் 0.910, முதல் அறுபது அடிக்கு 2.40, மொத்த நேரம் 16.10 விநாடி, வேகம் மணிக்கு 86 மைல் என்று இருந்தது. என்னோடு வந்த நண்பர் பச்சை விளக்கு எரிந்து இரண்டு விநாடி சும்மா நின்றுவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் அவருடைய மொத்த நேரத்தில் அந்தத் தாமதம் சேரவே இல்லை. கருவியில் கோளாறா?

பதில்: கருவி சரியாகத்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. மொத்த நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் பச்சை விளக்கோடு தொடங்குவதில்லை. உங்கள் முன் டயர் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு வெளியேறும் கணத்தில்தான் தொடங்குகிறது. பச்சை விளக்குக்கும் அந்தக் கணத்துக்கும் இடையிலான இடைவெளி ‘ரியாக்‌ஷன்’ என்று தனியாக அச்சிடப்படும். ஆகவே உங்கள் நண்பர் ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தாலும் அவருடைய மொத்த நேரம் மாறியிருக்காது. தனியாக ஓடும்போது இதில் நஷ்டமில்லை. போட்டியில் மட்டும் அந்த இரண்டு விநாடி அவரை அப்போதே தோற்கடித்திருக்கும்.

1963-இல் அறிமுகமான ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்ற விளக்குக் கம்பத்தில், சாதாரண ஓட்டங்களுக்கு மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். மூன்றாவதற்கு அரை விநாடிக்குப் பிறகு பச்சை எரியும். கண் பார்த்து, கால் அழுத்தி, கார் ஒளிக்கற்றையை விட்டு உருண்டு வெளியேறுவதற்கே அரை விநாடி அளவுக்கு ஆகிவிடும் என்பதால், பழகியவர்கள் பச்சைக்காகக் காத்திருப்பதில்லை. மூன்றாவது மஞ்சளைக் கண்டதுமே கிளம்புவார்கள். உங்கள் 0.910 நீங்கள் பச்சையைப் பார்த்தபின் கிளம்பினீர்கள் என்று சொல்கிறது. ஒரு காசும் செலவில்லாமல் திருத்திக்கொள்ளக் கூடிய குறை அது.

மற்ற எண்களை இப்படிப் படியுங்கள். ஓட்டத்தின் கடைசி 66 அடியில் அளக்கப்படும் வேகம், எஞ்ஜினின் திறனையும் காரின் எடையையும் பெருமளவு நேர்மையாகக் காட்டிவிடும். தொடக்கத்தில் சக்கரம் வழுக்கினாலும் அந்த எண் அதிகம் மாறாது. மொத்த நேரமோ தொடக்கத்தைப் பெரிதும் சார்ந்தது. கால் மைலுக்கான பழைய அனுபவக் கணக்கு ஒன்று உண்டு: 1363 என்ற எண்ணை மணிக்கு மைல் கணக்கிலான வேகத்தால் வகுத்தால், அந்தத் திறனுக்குப் பொருத்தமான நேரம் தோராயமாகக் கிடைக்கும். 86-ஆல் வகுத்தால் 15.85 வருகிறது. நீங்கள் ஓடியதோ 16.10. ஆகவே ஏறத்தாழ கால் விநாடியை முதல் அறுபது அடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதைத் தேட வேண்டிய இடம் எஞ்ஜின் அல்ல, டயரும் உங்கள் வலது காலும்தான். அறுபது அடியில் சேமிக்கும் பத்தில் ஒரு பங்கு விநாடி, கோட்டின் முடிவில் ஒன்றரை மடங்கு அல்லது அதற்கும் மேலாகத் திரும்பி வரும் என்பது இந்தக் களத்தில் உள்ளவர்கள் யாவரும் அறிந்தது.

கேள்வி (டெக்சாஸ்): ‘பிராக்கெட்’ போட்டியில் மெதுவான காருக்கு முன்கூட்டியே பச்சை விளக்கு போடுகிறார்கள். இது சலுகைதானே? வேகமான காரை உருவாக்கியவருக்கு அநீதி இல்லையா?

பதில்: சலுகை என்று நான் கருதவில்லை. சிறிய சம்பளக்காரர்கள் இந்த விளையாட்டில் நிலைத்திருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன். போட்டிக்கு முன் ஒவ்வொருவரும் தம் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்பதைத் தாமே அறிவித்து, கண்ணாடியில் எழுதிவிடுகிறார். இதற்கு ‘டயல்-இன்’ என்று பெயர். ஒருவர் 15.20 என்றும் மற்றவர் 13.70 என்றும் எழுதினால், முதலாமவருக்கு ஒன்றரை விநாடி முன்பாகப் பச்சை எரியும். இருவரும் தாம் எழுதியதை அப்படியே ஓடி, ஒரே அளவு ரியாக்‌ஷனும் கொண்டிருந்தால், இருவரும் ஒரே கணத்தில் கோட்டைத் தொட வேண்டும். தம் காரின் நேரத்தைக் கூட்டி எழுதி ஏமாற்றலாமா என்றால் அதற்கும் தடை இருக்கிறது: எழுதியதைவிட வேகமாக ஓடினால் அது ‘பிரேக் அவுட்’, தோல்வி. இருவருமே அப்படி ஓடிவிட்டால் குறைவாக மீறியவர் வெல்வார். பச்சைக்கு முன் கிளம்பிவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். எதிராளி பிரேக் அவுட் ஆனாலும் சிவப்பு வாங்கியவர் தப்ப முடியாது.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 15.20 எழுதியவரின் ரியாக்‌ஷன் 0.080, ஓடியது 15.24. அவர் இழந்தது மொத்தம் 0.120 விநாடி. 13.70 எழுதியவரின் ரியாக்‌ஷன் 0.150, ஓடியது 13.72. அவர் இழந்தது 0.170. மெதுவான கார் 0.050 விநாடியில் வென்றுவிட்டது. வேகமான கார் கோட்டை மணிக்கு நூறு மைல் வேகத்தில் நெருங்கினால், அந்த இடைவெளி ஏறத்தாழ ஏழு அடி, அதாவது அரைக் கார் நீளம். வேகமான காரின் உரிமையாளர் தம் காரின் ஓட்டத்தை இன்னும் துல்லியமாகவே கணித்திருந்தார்; அவர் தோற்றது விளக்கைப் பார்த்துக் கிளம்புவதில். அந்தக் குறையைப் பணத்தால் போக்க முடியாது, பயிற்சியால்தான் நீக்க முடியும். வேகமே முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு, முன்கூட்டிய பச்சை இல்லாத பிரிவுகள் வேறு இருக்கின்றன. செலவைக் கட்டுக்குள் வைக்க நினைக்கும் குடும்பஸ்தருக்கு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடும் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றே போதுமான ஆயுதம்.

கேள்வி (ஓஹையோ): இந்த ஆண்டு இதற்காக ஆயிரம் டாலர் ஒதுக்கியிருக்கிறேன். எஞ்ஜினுக்குக் காற்று உள்ளிழுக்கும் குழாயையும் கணினி டியூனையும் வாங்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

பதில்: அவை இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முதல் பணம் காரின் ஆரோக்கியத்துக்குப் போகட்டும். பிரேக் பட்டைகள், பிரேக் திரவம், எஞ்ஜின் எண்ணெய், பழைய கூலன்ட் குழாய்கள், பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் பட்டை ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஓடுகளத்தில் கூலன்ட் சிந்தினால் அது எண்ணெயைப் போல வழுக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் வருபவருக்கும் ஆபத்து, சுத்தம் செய்யும்வரை அன்றைய மாலையும் எல்லோருக்கும் பாழாகும். அடுத்த பணம் ஸ்னெல் தரச்சான்றுள்ள தலைக்கவசத்துக்கு. கால் மைலை 13.99 விநாடிக்குள் ஓடும் கார்களுக்கு அது கட்டாயம். உங்கள் கார் அதைவிட மெதுவானது என்றாலும் வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன்.

மூன்றாவது, டயர். சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் ‘டிராக் ரேடியல்’ டயர்கள் உண்டு; ஓட்டும் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் வாங்கி, பழைய ரிம்களில் பொருத்தி, களத்தில் மாற்றிக்கொள்ளலாம். அவை மழையில் பிடிப்புக் குறைந்தவை, விரைவில் தேய்பவை. தினசரிப் பயணத்துக்கு வைக்காதீர்கள். சாதாரண டயரிலேயே ஓடுவதானால், தொடக்கக் கோட்டுக்கு முன், டயரை நனைப்பதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். அந்த டயரின் வரிப்பள்ளங்கள் தண்ணீரைக் கோட்டுவரை சுமந்து சென்றுவிடும். ஓட்டும் சக்கரங்களில் காற்றழுத்தத்தை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இரண்டு பவுண்டு வீதம் குறைத்து அறுபது அடி நேரத்தைக் கவனியுங்கள். நேரம் குறைவது நின்றதும், அல்லது கார் அலைவதாகத் தோன்றியதும், நிறுத்திவிடுங்கள். வீடு திரும்புமுன் மீண்டும் நிரப்ப மறவாதீர்கள்.

எடையைக் குறைப்பதற்குச் செலவே இல்லை. ஏறத்தாழ 45 கிலோ குறைந்தால் கால் மைலில் பத்தில் ஒரு விநாடி மிச்சமாகும் என்பது பொதுவான மதிப்பீடு. மாற்றுச் சக்கரம், ஜாக்கி, குழந்தை இருக்கை, பின்பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பொருள்கள் ஆகியவற்றைக் களத்தில் இறக்கிவைத்தாலே அதில் பாதி கிடைத்துவிடும். பாதுகாப்புக்கும் அது தேவை: உள்ளே உருளும் ஒரு தண்ணீர்ப் புட்டி பிரேக் மிதிக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளலாம்.

மீதமுள்ள பணத்தை முழுவதும் நுழைவுக் கட்டணமாகச் செலவிடுங்கள். ஒவ்வொரு டைம் ஸ்லிப்பையும் ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் அன்றைய வெப்பநிலை, டயர் அழுத்தம், எஞ்ஜினின் எந்தச் சுழற்சி வேகத்தில் கிளம்பினீர்கள் என்பதை எழுதி வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நாற்பது ஓட்டங்களுக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டினால், அடுத்து எந்தப் பாகம் தேவை என்பதை எந்தக் கடைக்காரரையும் கேட்காமல் நீங்களே அறிந்துகொள்வீர்கள்.

கேள்வி (கொலராடோ): ஹூஸ்டன் அருகே 14.0 விநாடியில் ஓடிய என் கார், 2022-இல் டென்வருக்குப் பக்கத்திலுள்ள பாண்டிமியர் களத்தில் 14.9-க்குக் கீழே இறங்கவே மறுத்தது. கார் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதில்லை. 2023-இல் மூடப்பட்ட அந்தக் களம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் இருந்தது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்ஜின் தன் திறனில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இழந்துவிடும். நீங்கள் சொல்லும் வேறுபாடு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

கேள்வி (சென்னை): நானும் நண்பர்களும் இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாக இருக்கும்போது கால் மைல் ஓடிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். போக்குவரத்தே இல்லாதபோது என்ன தவறு?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். மாநில அரசின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொது இடத்தில் வாகனப் பந்தயத்தில் கலந்துகொள்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், காலி என்று நீங்கள் நினைக்கும் அந்தச் சாலையில் விடியலுக்கு முன் மீன் கூடையோடு சைக்கிளில் வருபவர் இருக்கிறார்; மாடு இருக்கிறது; நின்றுபோன லாரி விளக்கில்லாமல் கிடக்கிறது. கால் மைலின் முடிவில் காரை நிறுத்துவதற்கே இன்னொரு நீண்ட காலித் தூரம் வேண்டும். களத்தில் அதைத் தடுப்புகளோடு கட்டி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் சொந்தமான, மதிக்கத்தக்க மரபு இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திவிட்டு, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தக் களம் அமைத்தவர்கள் அவர்கள். அனுமதி பெற்ற நிகழ்ச்சிகளைப் பற்றியும் உரிமம் பெறுவதைப் பற்றியும் அங்கே விசாரியுங்கள். காத்திருப்பது நீண்டதாகத் தோன்றும், காத்திருங்கள்.

கேள்வி (பென்சில்வேனியா): என் கணவர் மாதம் இருமுறை எங்கள் குடும்பக் காரைக் களத்துக்கு எடுத்துப் போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. தடுக்கவும் மனம் வரவில்லை. நான் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. நேர்கோட்டில் ஓடுவதால் ஆபத்தே இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த விளையாட்டின் உச்சியில் இருப்பவர்களே 2008-இல் இங்கிலிஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் பந்தயத்தில் இறந்த பிறகு, மிக வேகமான பிரிவுகளின் தூரத்தைக் கால் மைலான 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்துக்கொண்டார்கள். குடும்பக் காரின் வேகம் அதற்குப் பக்கத்திலேயே வராது என்றாலும், எச்சரிக்கை அதே அளவு வேண்டும்.

அவர் முழுக்கால் உடையும் மூடிய காலணியும் தலைக்கவசமும் அணிகிறாரா, சக்கரத் திருகுகள் அனைத்தையும் அன்று காலை இறுக்கிப் பார்த்தாரா, வரிசைக்குள் நுழையுமுன் ஏசியை அணைக்கிறாரா என்று கேளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீர், ஓடுபாதையில் அடுத்தவரின் சக்கரத்துக்கு அடியில் போகும். கார் 11.49 விநாடிக்குள் ஓடும் நிலைக்கு வந்தால், பழைய கார்களுக்கு உள்ளே உருள்தடுப்புக் கம்பி கட்டாயமாகிறது. அந்த எல்லையை நெருங்கும்போது அது குடும்பக் காராக இருக்க முடியுமா என்பதை இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

பலரும் கேட்க மறந்துவிடுவது காப்பீடு. தனிப்பட்ட கார்க் காப்பீடுகள் பலவற்றில் பந்தயத்தின்போதும் பந்தயக் களத்திலும் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்ற விதி இருக்கும். கார் தயாரிப்பாளரின் உத்தரவாதத்துக்கும் இது பொருந்தலாம். எனவே அவர் அடுத்த முறை கிளம்புமுன், உங்கள் காப்பீட்டுப் புத்தகத்தில் ‘விலக்குகள்’ என்ற பக்கத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள். அந்தக் காரை நாளையே புதிதாக வாங்க வேண்டி வந்தால் குடும்பத்தால் தாங்க முடியுமா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். முடியாது என்றால், இதற்கென்றே மலிவான பழைய கார் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். பிராக்கெட் போட்டிக்கு அது தாராளமாகப் போதும். பிறகு ஒரு மாலை நீங்களும் உடன் சென்று, வரிசையில் காரின் பக்கத்தில் நின்று பாருங்கள்.