ஸ்டெயின்லெஸ் ரிவால்வரில் கீறல்: தேய்க்கும் முன் கோடுகளின் திசையைப் பாருங்கள்

டெக்சாஸில் இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “பழைய ஸ்மித் அண்ட் வெசன் 686 ரிவால்வர் ஒன்றைக் கடையில் வாங்கினேன். வலது பக்கம் சாவியால் இழுத்ததுபோல இரண்டு கீறல்கள். மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். கீறல் போகவில்லை, அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. பழையபடி ஆக்க முடியுமா?”

முடியும். நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை, கவலை வேண்டாம்.

கறுப்பு நிறத் துப்பாக்கிகள் பலவற்றில் எஃகின் மேல் ரசாயனத்தால் உண்டாக்கிய ஒரு மெல்லிய படலம் இருக்கும். தேய்த்தால் அது போய்விடும், வெள்ளையாக எஃகு தெரியும். ஸ்டெயின்லெஸில் அப்படி மேல்பூச்சு எதுவும் இல்லை. 686-இன் பக்கங்களில் நீங்கள் பார்க்கும் மங்கிய சாம்பல் மினுக்கம், தொழிற்சாலையில் ஒரே திசையில் போட்ட ஆயிரக்கணக்கான நுண்ணிய கோடுகள்தான். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே போவதால்தான் கீறல் கண்ணில் படுகிறது. பாலிஷ் போட்டபோது கோடுகளே அழிந்துவிட்டன, அதனால்தான் அந்த இடம் மின்னுகிறது. ஆகவே கோடுகளைத் திரும்பப் போடுவதுதான் வேலை. நம் வீட்டு எவர்சில்வர் தட்டை நார் போட்டு வட்டவட்டமாகத் தேய்க்கிறோமே, அந்தப் பழக்கத்தை மட்டும் இங்கே மறந்துவிடுங்கள்.

முதலில் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். 686-இன் சிலிண்டரில், அதாவது சுழலும் உருளையில், தோட்டா போடும் அறைகள் ஆறு, 686 பிளஸ் என்றால் ஏழு. சிலிண்டரைத் திறந்து ஒவ்வோர் அறையையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறொரு அறையில் இருக்கட்டும். அப்புறம் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடையுங்கள்.

இப்போது மேஜை விளக்கைச் சாய்வாக வைத்து, துப்பாக்கியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று தெரியும். பேரலில் ஒரு திசை, சிலிண்டரில் வேறு திசை என்றும் இருக்கலாம். ஊகிக்காமல் பார்த்து முடிவு செய்யுங்கள். பிறகு நகத்தைக் கீறலின் குறுக்கே இழுங்கள். நகம் தடுக்காவிட்டால் அரை மணி நேர வேலை. தடுத்தால் உப்புத்தாள் தேவைப்படும்.

நகம் தடுக்காத கீறலுக்கு ஸ்காட்ச்-பிரைட் பட்டை போதும். மெரூன் நிறப் பட்டை ஏறக்குறைய 320 எண் உப்புத்தாளுக்குச் சமம், சாம்பல் நிறப் பட்டை 600-க்கு மேல். சாம்பலில் தொடங்குங்கள், போதாவிட்டால் மட்டும் மெரூன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கோடுகளின் திசையிலேயே, அந்தப் பரப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக இழுங்கள். கீறல் இருக்கும் இடத்தை மட்டும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால் அங்கே ஒரு திட்டு விழும். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்துவிட்டு விளக்கில் பாருங்கள். பாலிஷ் போட்ட இடமும் இதே வேலையில் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும்.

நகம் தடுக்கும் கீறலுக்கு 400 எண் வாட்டர் பேப்பர். அதைச் சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் அழுத்தினால் தளம் குழியும், விளிம்புகள் மழுங்கும். கூர்மையான விளிம்பு போனால் திரும்ப வராது. கீறல் முழுதாகப் போகும்வரை எஃகைத் தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். முக்கால்வாசி மங்கியதும் நிறுத்திவிட்டுப் பட்டையால் முடியுங்கள். மீதி இருப்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

உங்கள் கீறல்கள் வலது பக்கம் என்கிறீர்கள். அங்கேதான் உள் இயந்திரத்தை மூடும் பக்கத்தகடு இருக்கிறது. அதைக் கழற்றித் தனியாகத் தேய்க்கவே கூடாது. தகடும் உடலும் சேரும் இடுக்கு மயிரிழைபோல இருப்பது இந்த ரிவால்வரின் அழகு. தனியாகத் தேய்த்தால் தகட்டின் ஓரம் உருண்டு, இடுக்கு பள்ளமாகத் தெரியும். மாட்டியபடியே, இரண்டையும் ஒன்றாகத் தேய்யுங்கள். கம்பெனி முத்திரைக்கும் எழுத்துகளுக்கும் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

சீரியல் நம்பர் கைப்பிடியின் அடியிலும், சிலிண்டர் தாங்கியைத் திறந்தால் தெரியும் உடல்பகுதியிலும் இருக்கும். அந்தப் பக்கம் பட்டையைக் கொண்டுபோகவே வேண்டாம். நம்பரை அழிப்பது அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம். குழல் வாய், சிலிண்டர் அறைகளின் உட்புறம், சிலிண்டரைச் சுற்றியுள்ள சிறு வெட்டுகள், டிரிகரும் ஹேமரும் உரசும் முகங்கள் இவையும் தொடக்கூடாதவை. சிலிண்டரைச் சுற்றி ஒரு வட்டக் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள். சுழலும்போது சிலிண்டரை நிறுத்தும் தாழ் உரசுவதால் வருவது அது, அழித்தாலும் மறுபடி வரும்.

இரும்பு நார் வேண்டாம். அதன் துகள்கள் ஸ்டெயின்லெஸில் பதிந்து, சில நாளில் துருப்புள்ளியாகத் தெரியும். கையில் பிடிக்கும் சுழல் மோட்டாரும் வேண்டாம். ஒரு நொடியில் பள்ளம் போட்டுவிடும், அதை நிரப்ப வழியில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளையாக இருப்பதெல்லாம் ஸ்டெயின்லெஸ் இல்லை. நிக்கல் பூசிய துப்பாக்கியைத் தேய்த்தால் பூச்சே போய்விடும். ரூகர் 10/22 ரைஃபிளின் ஸ்டெயின்லெஸ் வகையில் பேரல்தான் ஸ்டெயின்லெஸ், நடு உடல் அலுமினியம். காந்தம் வைத்தால் அலுமினியம் தெரிந்துவிடும். ஆனால் காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று நினைக்காதீர்கள். துப்பாக்கிக்கு வேண்டிய கடினத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் ஸ்டெயின்லெஸ் வகைகள் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும். கோடே இல்லாமல் மணல் வீசியதுபோல மங்கலாக இருப்பது கண்ணாடி மணிகளை வீசிச் செய்த பரப்பு. அதைக் கையால் சரிசெய்ய முடியாது, பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஸ்மித் அண்ட் வெசன் 1965-இல் கொண்டுவந்த மாடல் 60, ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்களின் முன்னோடி. அதன் ஆரம்பகாலத் துப்பாக்கி கையில் இருந்தால் கீறலோடு அப்படியே வைத்திருங்கள். தேய்த்ததைச் சேகரிப்பாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், விலை இறங்கும்.

வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் தூளைக் கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவுங்கள். துரு பிடிக்காமல் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் காற்றுப் பட்டதும் தானாகவே மறுபடி உண்டாகும். இருந்தாலும் வியர்வை உப்பு இந்த வகை ஸ்டீலையும் அரிக்கும். தோலுறையிலேயே மாதக்கணக்கில் வைக்காதீர்கள். துடைத்த துணியில் தோட்டாக்கள் விட்டுச்சென்ற ஈயம் இருக்கலாம், சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.