வாசகர் கேள்வி பதில்: யுஎஸ்பி துளைகள் உள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். பிள்ளைகளின் படிப்பு மேசையருகே சுவரில் ஒரே ஒரு சாக்கெட்தான் உள்ளது. இரண்டு கைப்பேசிகள், ஒரு டேப்லெட், ஒரு மடிக்கணினி, மேசை விளக்கு அனைத்தும் அங்கேயே இயங்க வேண்டும். யுஎஸ்பி துளைகளோடு வரும் எக்ஸ்டென்ஷன் இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. தேக்காவில் ஒரு கடையில் அதைப் போன்ற ஒன்றுக்கு இரு மடங்கு விலை கேட்கிறார்கள். எதை வாங்குவது? வாங்கிவிட்டால் பழைய சார்ஜர்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: விலையைப் பிறகு பார்ப்போம், முதலில் எக்ஸ்டென்ஷனைத் திருப்பி அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் எக்ஸ்டென்ஷன் என்பது பதிவு பெற்ற பிறகே விற்கப்பட வேண்டிய கட்டுப்பாட்டுப் பொருள்களில் ஒன்று. பதிவான மாடலில் ‘சேஃப்டி மார்க்’ முத்திரையும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். முத்திரை இல்லையென்றால், வெளிநாட்டு விற்பனையாளர் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் அதை வாங்காதீர்கள். எல்லா நாட்டு பிளக்குகளும் நுழையும் வகையில் அகன்ற துளைகள் வைத்த எக்ஸ்டென்ஷனையும் தவிர்த்துவிடலாம். அதில் பிளக்கின் கால்கள் இறுக்கமாகப் பிடிபடாமல், தளர்ந்த இடத்தில் சூடேறக்கூடும். நமக்கு வேண்டியது 13 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள மூன்று கால் பிளக்கோடு வருவது.

அடுத்தது, பலரும் படிக்காமல் விட்டுவிடும் பொடி எழுத்து. பெட்டியின் முகப்பில் ‘நான்கு யுஎஸ்பி துளைகள், 3.4 ஆம்பியர்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால், அந்த 3.4 ஆம்பியர் பெரும்பாலும் நான்கு துளைகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதாகவே இருக்கும். 5 வோல்ட்டில் அது மொத்தம் 17 வாட். நான்கிலும் கம்பியைச் செருகினால் ஒவ்வொன்றுக்கும் 4 வாட் சொச்சம்தான் கிடைக்கும். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற அது போதும், ஆனால் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் டேப்லெட்டை அதில் செருகினால் ஏமாற்றந்தான்.

மடிக்கணினிக்கு டைப்-சி துளை வேண்டும் என்றாலும், டைப்-சி என்ற வடிவம் மட்டும் போதாது. அடிப்புறத்தில் ‘5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர்’ என்பதோடு வரி முடிந்துவிட்டால் அந்தத் துளை 20 வாட்டுக்கு மேல் தராது. பெரும்பாலான மடிக்கணினிகள் 20 வோல்ட் எதிர்பார்ப்பவை. 45 அல்லது 65 வாட் கேட்பவை. ‘65 வாட்’ என்று விற்கப்படும் எக்ஸ்டென்ஷனிலும், அருகிலுள்ள துளையில் ஒரு கைப்பேசியைச் செருகியதும் மடிக்கணினிக்குப் போகும் பங்கு குறைந்துவிடுவதுண்டு. எந்தெந்தத் துளையைச் சேர்த்துப் பயன்படுத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்ற அட்டவணையைத் தருகிற நிறுவனத்தின் பொருளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தவறில்லை. தேக்காக் கடைக்காரரிடம் அதைத்தான் முதலில் கேட்பேன்.

என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு நல்ல சாக்கெட்டுகள் உள்ள, கைப்பேசிகளுக்கு மட்டும் இரண்டு யுஎஸ்பி துளைகள் கொண்ட எக்ஸ்டென்ஷனை வாங்கி, மடிக்கணினியை அதனுடன் வந்த சார்ஜரிலேயே விடச் சொல்வேன். சார்ஜர் தரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. 2023 இல் ஐஃபோன் 15 டைப்-சிக்கு மாறியபோது பழைய, அகலமான யுஎஸ்பி (டைப்-ஏ) துளைகளின் தேவை மேலும் குறைந்தது. தனிச் சார்ஜர் பழசானால் அதை மட்டும் மாற்றலாம், எக்ஸ்டென்ஷனுக்குள் பொருத்தப்பட்டது பழசானால் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். எனவே பழைய சார்ஜர்களை எறிந்துவிடாதீர்கள்.

இடிமின்னல் மிகுந்த ஊர் என்பதால் மின்னெழுச்சிப் பாதுகாப்பு (மின்னழுத்தம் திடீரென எகிறும்போது சாதனங்களைக் காக்கும் வசதி) உள்ளதை வாங்குவதும் நல்லது. ஆனால் அதனுள் இருக்கும் பாகம் எழுச்சிகளைத் தாங்கித் தாங்கியே தேய்ந்துபோகும். அதற்கான அடையாள விளக்கு அணைந்துவிட்டால் மின்சாரம் வந்துகொண்டிருந்தாலும் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள்.

கேள்வி: எங்கள் எக்ஸ்டென்ஷனில் யுஎஸ்பி துளைகள் வேலை செய்யவில்லை, சாக்கெட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ரைஸ் குக்கருக்குத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். யுஎஸ்பிக்கான மின்சுற்று, துளையில் எதுவும் செருகாதபோதும் பல மாடல்களில் மின்னோட்டத்தில்தான் இருக்கும். பழுதான அந்தப் பகுதி உள்ளே கருகியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. திறந்து சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள். ரைஸ் குக்கர், கெட்டில் போன்ற சூடேற்றும் சாதனங்களைப் புதிய எக்ஸ்டென்ஷனிலும் செருகாமல் சுவர் சாக்கெட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள். 13 ஆம்பியர் என்பது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட், கெட்டில் ஒன்றே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடும்.