நூலகர் பதில்கள்: சிறுவர் பகுதியைத் தாண்டிய பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

இம்முறை வந்த கடிதங்களில் பல, பதின்ம வயதுப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றியவை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பொது நூலகங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்விகள் என் மனதுக்கு மிக நெருக்கமானவை. மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என் மகனுக்கு 14 வயது. சிறுவர் பகுதியில் இருந்த கதைப் புத்தகங்களை ஒன்றுவிடாமல் வாசித்தவன், இப்போது நூலகப் பக்கமே போவதில்லை. எந்நேரமும் கைத்தொலைபேசிதான். அவனுக்கு நல்ல புத்தகங்களின் பட்டியல் ஒன்று தருவீர்களா அம்மா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

தருகிறேன் தங்கச்சி. அதற்கு முன் அவன் நிலையைக் கொஞ்சம் பாருங்கள். சிறுவர் பகுதியில் உள்ள நாற்காலியில் அவன் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். பக்கத்தில் மூன்றாம் தரத்துப் பிள்ளைகள் படக்கதை பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீசை அரும்பிய பிள்ளை அங்கே எப்படிப் போய் உட்காருவான்? சரி, இரவல் பகுதிக்குப் போனால், தலைக்கு மேலே உயர்ந்த அலுமாரிகள். ஒரே நிற அட்டை போட்டுக் கட்டிய, முதுகில் எழுத்து அழிந்துபோன நாவல்கள். எதை எடுப்பது என்று சொல்ல ஆளில்லை. இந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் இருக்கும் சில அடித் தூரத்தில்தான் நமது நூலகங்கள் பிள்ளைகளைத் தொலைத்துவிடுகின்றன. எனக்கு இது தீராத கவலை.

இந்த வயதுப் பிள்ளை வந்தால் "என்ன புத்தகம் வேண்டும்?" என்று நான் கேட்பதில்லை. தெரிந்திருந்தால் அவனே எடுத்திருப்பான். "கடைசியாக உனக்குப் பிடித்த கதை எது? சினிமாப் படம் என்றாலும் பரவாயில்லை. அதில் எந்த இடம் பிடித்தது?" என்றுதான் கேட்பேன். சொல்லும் பதிலைக் கேட்டுக்கொண்டுதான் அலுமாரிப் பக்கம் போவேன்.

ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் திரிகிற பிள்ளை என்றால், முதலில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'. 1947இல் சிங்களத்தில் வெளிவந்த நாவல், தமிழில் 'மடோல் தீவு' என்று வந்திருக்கிறது. தாயை இழந்த உபாலியும், அந்த வீட்டில் வேலைக்கு நின்ற பையன் ஜின்னாவும் ஊரைவிட்டு ஓடிப்போய், வாவி நடுவே கண்டல் மரங்கள் மண்டிய ஆளில்லாத் தீவொன்றில் குடியேறிப் பயிர் செய்கிறார்கள். பேய் உலாவும் இடம் என்று ஊரார் பயப்படும் தீவு அது. வாவிக்கரையில் வளர்ந்த நமது பிள்ளைகளுக்குக் கண்டல் வேரையும் சேற்று மணத்தையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. தெற்கே கொக்கலையில் நடக்கும் கதை என்பதை நாலைந்து பக்கத்துக்குள் மறந்துவிடுவார்கள்.

கைத்தொலைபேசியை விட்டுப் பிரியாத பிள்ளைக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் எழுதிய கதையை 2021, 2022 காலத்தில் நடப்பதாக அமைத்திருக்கிறார். நிலா என்ற பெண், ஜீனோ என்ற பேசும் இயந்திர நாய், எல்லாரையும் கண்காணிக்கிற ஓர் ஆட்சி. அந்த ஆண்டுகளை நாம் இப்போது தாண்டி வந்துவிட்டோம். அவர் எழுதியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று உங்கள் மகன் பார்க்கத் தொடங்கினால், சாப்பிடக் கூப்பிடும் சத்தம் அவன் காதில் விழாது. கதையே வேண்டாம் என்கிற பிள்ளைக்கு அதே எழுத்தாளரின் 'ஏன்? எதற்கு? எப்படி?' இருக்கிறது. கேள்வியும் பதிலுமாகப் போகும் அறிவியல் புத்தகம், எந்தப் பக்கத்திலும் தொடங்கலாம்.

சிரிக்க விரும்பினால் செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்'. யாழ்ப்பாணத்து ஆச்சி கதிர்காமத்துக்குப் புறப்படுகிற கதை. உகந்தை, குமண வழியாகக் காட்டுப்பாதையில் கதிர்காமம் நடந்துபோகும் அடியார்களை ஆண்டுதோறும் பார்க்கிற நமக்கு அந்த ஆச்சியைச் சட்டென்று பிடித்துவிடும். அவள் பேச்சை வீட்டில் யாராவது உரத்து வாசியுங்கள். மட்டக்களப்பு வாயில் யாழ்ப்பாணப் பேச்சு வரும்போது வீடே சிரிக்கும்.

இன்னும் ஒன்று, ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடிய சிறுகதை: மூதூர் வ.அ. இராசரத்தினம் எழுதிய 'தோணி'. தனக்கென்று ஒரு தோணி வேண்டுமென்று ஏங்கும் மீனவப் பையனின் கதை. கிழக்குக் கடற்கரையில் பிறந்த எந்தப் பிள்ளையும் இதை வாசிக்காமல் பாடசாலையை விட்டு வெளியேறக் கூடாது என்பது என் பிடிவாதம்.

இவை எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுபோய்க் குவித்துவிடாதீர்கள் தங்கச்சி. ஒன்றோ இரண்டோ போதும். மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பத்துப் பக்கம் வாசித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கட்டும், அது குற்றமல்ல. முடித்துவிட்டால் "என்ன விளங்கியது, சொல் பார்ப்போம்" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைப் பாடசாலையில் வேண்டிய அளவு கேட்கிறார்கள்.

பொன்னியின் செல்வன் படம் பார்த்த பிறகு நூலகத்தில் இரண்டு பாகங்கள் எடுத்து வாசித்தேன் டீச்சர். மூன்றாம் பாகம் அங்கே இல்லை. எங்கே தேடுவது? எல்லாம் முடிந்த பிறகு எதை வாசிப்பது?
– பத்தாம் தர மாணவி, மருதமுனை

'சுழற்காற்று' முடிந்து 'கொலை வாள்' கிடைக்காமல் நிற்கிறீர்கள். அந்த இடத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் மகள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்தில் ஐந்து பாகங்களும் பணம் கொடுக்காமலே கிடைக்கும். ஆனாலும் மூன்றாம் பாகம் தேவை என்று நூலகரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். யாரும் கேட்காத புத்தகத்தை யாரும் வாங்கி வைப்பதில்லை.

அடுத்ததாக இன்னொரு சரித்திர நாவலுக்குப் போகலாம், தடையில்லை. அதற்கு நடுவில் உங்கள் ஊரின் மருதூர்க்கொத்தன் எழுதிய சிறுகதைகளைத் தேடி எடுங்கள். சோழ இளவரசிகளோடு இவ்வளவு நாள் இருந்தவருக்கு, தன் வீட்டில் பேசும் பேச்சை அச்சில் பார்ப்பது புதிய அனுபவமாக இருக்கும். கவிதை என்றால் பயமாக இருந்தால் நமது நாட்டுக் கவிஞர் மஹாகவியின் (து. உருத்திரமூர்த்தி) 'குறும்பா'. 1966இல் வந்தது. ஐந்தைந்து வரிகள்தான், வாசித்த கையோடு தோழிக்குச் சொல்லிக் காட்டலாம்.

அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. மகள் கதைப் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். நிறுத்தச் சொல்லலாமா?
– ஒரு தந்தை, கல்முனை

வேண்டாம் ஐயா. தமிழ்மொழியும் இலக்கியமும் அந்தப் பரீட்சையில் ஒரு பாடம். கட்டுரை எழுதச் சொற்கள் எங்கிருந்து வரும்? காலையில் பாடசாலை, மாலையில் ரியூசன் வகுப்பு, சனி ஞாயிறும் வகுப்பு என்று ஓடுகிற பிள்ளைக்கு இரவில் அரை மணி நேரம் அவளுக்கென்று இருக்கட்டும்.

13 வயது மகள் நூலகத்திலிருந்து ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை எடுத்து வந்தாள். முடித்த அன்று இரவு அழுதாள். இப்போது சுனாமியில் எங்கள் வீட்டில் யார் யார் போனார்கள், சண்டைக் காலத்தில் நாங்கள் எங்கே ஒளிந்திருந்தோம் என்று கேட்டபடி இருக்கிறாள். இப்படியான புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு நூலகம் கொடுக்கலாமா?
– ஒரு தாய், திருக்கோவில்

கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும் என்பேன்.

1942 ஜூன் 12, தன் 13ஆவது பிறந்தநாளில் ஆன் அந்த நாட்குறிப்பைப் பெற்றாள். யூதர்களைப் பிடித்துச் சென்ற நாஜிகளுக்குப் பயந்து, சில வாரங்களில் அம்ஸ்ரடாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்துகொண்டாள். கடைசியாக எழுதியது 1944 ஆகஸ்ட் 1. மறு ஆண்டு தடுப்பு முகாமில் இறந்தபோது அவளுக்கு 15 வயது. நமக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் மரணம்தான் நினைவுக்கு வருகிறது. வாசிக்கும் பிள்ளைக்கோ தாயோடு சண்டை பிடிக்கிற, எழுத்தாளராக வர ஆசைப்படுகிற, தன்னை யாருக்கும் விளங்கவில்லை என்று குமுறுகிற ஒருத்தி கிடைக்கிறாள். உங்கள் மகளுக்குத் தன் வயதில் ஒரு தோழி கிடைத்து, கடைசிப் பக்கத்தில் அந்தத் தோழி இல்லாமல் போய்விட்டாள். அழாமல் இருப்பாளா?

2004 டிசம்பரில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது உங்கள் அம்பாறை மாவட்டம். நமது கரையோர வீடுகளின் சுவரில் மாலை போட்ட படம் தொங்குகிறது. அதற்குக் கீழே இருந்துதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். சண்டை முடிந்த பிறகு பிறந்தவர்கள் இவர்கள். படத்தில் இருப்பவர் யார் என்று தெரியும், என்ன நடந்தது என்று தெரியாது, கேட்டால் அம்மா அழுவார் என்று மட்டும் தெரியும். அந்தப் புத்தகம் உங்கள் மகளுக்குக் கேட்கும் தைரியத்தைக் கொடுத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். "இது இப்போது என்னால் சொல்ல முடியவில்லை, பிறகு சொல்கிறேன்" என்று சொன்னாலும் அது ஒரு பதில்தான். போனவர்களின் பெயர்களை, அவர்கள் எதைக் கேட்டால் சிரிப்பார்கள், எதை விரும்பிச் சாப்பிடுவார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். முடியுமானால் அந்த நாட்குறிப்பை நீங்களும் வாசியுங்கள் தங்கச்சி. இருவருக்கும் பேச ஒரு பொது இடம் கிடைக்கும்.

எந்தப் புத்தகத்தையும் எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாலியல் வன்முறையை விரித்து எழுதிய நாவலை 13 வயதுப் பிள்ளை கொண்டுவந்தால், "இதை உயர்தரம் படிக்கும்போது எடு, இப்போது இதைக் கொண்டுபோ" என்று வேறொன்றைக் கையில் கொடுப்பேன். வெறும் கையோடு மட்டும் அனுப்பியதில்லை.

அடுத்து அவளுக்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' கிடைக்கிறதா பாருங்கள். அதுவும் அதே இரண்டாம் உலகப் போர்க்காலம்தான், ஆனால் டோக்கியோ. பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக வைத்திருந்த பள்ளிக்கூடம். முதல் நாள் அந்தச் சிறுமி சொன்ன கதை முழுவதையும் தலைமையாசிரியர் நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் குண்டுவீச்சில் பள்ளிக்கூடம் எரிந்துபோகிறது. அப்படியிருந்தும் வாசித்து முடித்த பிள்ளைகள் முகம் மலர்ந்துதான் புத்தகத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

பிரதேச சபை நூலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். பதின்ம வயதினர் கடந்தகால வினாத்தாள் பார்க்க மட்டும் வருகிறார்கள். அவர்களுக்கென்று ஓர் அலுமாரி வைக்க ஆசை. புதிய புத்தகம் வாங்கப் பணமில்லை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். பணம் இல்லாமலே நாளைக்குத் தொடங்கலாம்.

894.811 இறாக்கைக்குப் போங்கள். தமிழ் இலக்கியம் முழுவதும் அந்த எண்ணின் கீழ்தான் இருக்கிறது. நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் தூயி தசம எண்ணில் 14 வயதுப் பிள்ளைக்கு ஏற்றதும் 60 வயதுக்காரருக்கு ஏற்றதும் ஒன்றுதான், ஆகவே கையால்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து முதல் பக்கத்தை வாசியுங்கள். அந்தப் பக்கத்திலேயே ஏதாவது நடக்கிறதா? எழுத்து பொடியாக இல்லாமல் இருக்கிறதா? பின்னட்டையில் ஒட்டிய திகதித் தாளையும் பாருங்கள். ஒரு காலத்தில் முத்திரைகள் நெருக்கமாக விழுந்து, பிறகு நின்றுபோன புத்தகங்கள் இருக்கும். அவற்றில் பல நல்லவை, அலுமாரிக் கோடியில் ஒதுங்கிவிட்டவை. பக்கம் கழன்றதை ஒட்டி, தூசு தட்டி எடுத்து வையுங்கள்.

முப்பது, நாற்பது புத்தகம் போதும். முதுகு தெரிய அடுக்காமல், முன்னட்டை தெரியும்படி நிறுத்துங்கள். அலுமாரியைச் சிறுவர் பகுதிப் பக்கம் வைக்கவே வேண்டாம். வினாத்தாள் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள், அவர்கள் வருவது அங்கேதானே. முதுகில் ஒரே நிற ஒட்டுத்தாள் ஒட்டினால், திரும்பி வரும் புத்தகம் அதே அலுமாரிக்குப் போய்ச் சேரும்.

தனியாக வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு நாடகப் பிரதிகள் நல்லவை. பேராசிரியர் மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகங்களை ஆளுக்கொரு பாத்திரமாக உரத்து வாசிக்க விடுங்கள். கூத்து ஆடிய மண்ணில் பிறந்த பிள்ளைகள், குரல் தானாகவே எழும். பதிப்பில் இல்லாத நமது நாட்டு நூல்களுக்கு, 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது. உங்கள் நூலகக் கணினியில் அதைத் திறந்து வைத்தாலே பெரிய அலுமாரி ஒன்று கூடிய மாதிரி.

அங்கத்துவப் படிவத்தையும் கவனியுங்கள். பிணையாளியின் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல் திரும்பிப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடசாலை அதிபர் ஒப்பமிட்டால் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று சபைச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும். அதற்கு முன்பே, அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிடுங்கள். தங்களுக்கு வேண்டிய புத்தகத்தின் பெயரைப் பிள்ளைகள் அதில் எழுதட்டும். அந்தப் பெயர்களைக் கொண்டு கொள்வனவுப் பட்டியல் தயாரித்து, வாசிப்பு மாத நிகழ்ச்சிகளுக்குப் பணம் ஒதுக்கும்போது சபையில் கொடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத பெயர் அதில் இருந்தால் வெட்ட வேண்டாம், அதையும் எழுதிக் கொடுங்கள்.