வாடிய பிறகு ஊற்றலாமா?

கேள்வி: தொட்டியில் வைத்த தக்காளிச் செடி வாடத் தொடங்கியதும் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா அடங்கிய பவுடரைக் கரைத்து வேரில் ஊற்றினேன். செடி பிழைக்கவே இல்லை. பாக்டீரியாவால் நோயைத் தடுக்கலாம் என்பதெல்லாம் வெறும் விளம்பரம்தானா?

பதில்: விளம்பரம் இல்லை. நீங்கள் ஊற்றிய நேரம்தான் பிந்திவிட்டது. செடியைப் பிடுங்கியதும் வேரைப் பார்த்தீர்களா? பித்தியம் என்ற வேரழுகல் கிருமி தாக்கிய வேரை இரண்டு விரலால் பிடித்து உருவினால் பழுப்பேறிய தோல் கையோடு வந்துவிடும். உள்ளே நூல் மாதிரி நடுநரம்பு மட்டும் மிஞ்சும். அந்த நிலைக்குப் போன வேரை எந்த பாக்டீரியாவாலும் மீட்க முடியாது.

இலையில் தயாரித்த உணவில் ஒரு பங்கைச் செடி வேர் வழியே மண்ணில் கசியவிடுகிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் என்று எல்லாம் அதில் உண்டு. அதைத் தின்ன நுண்ணுயிர்கள் வேரைச் சுற்றி மொய்க்கின்றன. ஜெர்மனியின் லோரன்ஸ் ஹில்ட்னர் 1904இல் இந்த வேர்சூழ் மண்ணுக்கு ‘ரைசோஸ்பியர்’ என்று பெயர் வைத்தார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான் இங்கேயும்: நல்ல பாக்டீரியா முந்திக்கொண்டால் நோய்ப் பூஞ்சைக்கு இடமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது இரும்புச் சண்டை. மண்ணில் இரும்பு ஏராளம். ஆனால் பெரும்பகுதி கரையாமல் கிடக்கிறது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் ‘சிடரோஃபோர்’ என்ற பொருளைச் சுரந்து, இருக்கிற கொஞ்சத்தையும் கவ்வி இழுத்துக்கொள்கிறது. பூஞ்சை பட்டினி. ஆய்வகத் தட்டில் இரும்பு குறைந்த வளர்ப்பு ஊடகத்தில் இந்தப் பாக்டீரியாவை வளர்த்து, அந்தத் தட்டைப் புறஊதா விளக்கின் கீழ் வையுங்கள். மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிரும். அந்த ஒளியைத் தருவதே சிடரோஃபோர்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சில ரகங்கள் பூஞ்சையைக் கொல்லும் பொருளையே சுரக்கின்றன. ஒரே நிலத்தில் வருடக்கணக்கில் கோதுமையே போட்டால் ‘டேக்-ஆல்’ என்ற வேர்நோய் முதலில் தலைவிரித்தாடும். பிறகு தானாக அடங்கிவிடும். அடங்கிய மண்ணைச் சோதித்தபோது, டிஏபிஜி என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கும் சூடோமோனாஸ் அங்கே பெருகியிருந்தது தெரியவந்தது.

இன்னொன்று: வேரில் குடியேறிய பாக்டீரியா செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் உசுப்பிவிடும். இலைக்கு வரும் நோயைக்கூட அப்போது செடி ஓரளவு சமாளிக்கும்.

ஆக, விதையிலேயே ஆரம்பியுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் பவுடர் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். நாற்று என்றால் வேரைக் கரைசலில் நனைத்து நடலாம். வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். உள்ளே இருப்பது உயிர், வெயிலில் கிடந்த பாக்கெட்டில் அது செத்திருக்கும்.

கேள்வி: கூடவே காப்பர் மருந்தையும் கலந்து ஊற்றினால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. காப்பர் ஆக்சிகுளோரைடு பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே வேண்டாம். பாக்டீரியா பவுடரை மட்கிய தொழு உரத்தோடு கலந்து இடுங்கள், நன்றாகப் பெருகும். செத்த செடியின் தொட்டி மண்ணில் மறுபடி தக்காளி வைக்காதீர்கள். அடியில் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் பித்தியம் வித்துகள் நீந்தியே அடுத்த வேருக்குப் போய்விடும்.