வென்ஃப்ளான் போடக் கை நடுங்குகிறது, சிஸ்டர்!

நர்சிங் மாணவர்களின் கேள்விகளுக்கு, அரசு மருத்துவமனை வார்டுகளிலும் நர்சிங் பள்ளியிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஒரு பெரியவருக்கு நான் பி.பி. பார்த்தபோது 130/90 வந்தது. உடனே ஸ்டாஃப் நர்ஸ் பார்த்தார், 160/90. எனக்கு அடிக்கடி இப்படி ஆகிறது. சத்தமும் சரியாகக் கேட்பதில்லை. என் காதில் ஏதாவது கோளாறு இருக்குமா?
- பி.எஸ்ஸி. நர்சிங் முதலாண்டு மாணவி, விருதுநகர்

காதில் கோளாறு இருக்காதும்மா. முதலில் ஸ்டெத்தைப் பார். காதில் மாட்டும் முனைகள் முன்பக்கமாக, உன் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் பாதிச் சத்தம் போய்விடும். நெஞ்சில் வைக்கும் பகுதி இரண்டு பக்கமும் உள்ளதென்றால், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் லேசாகத் தட்டிப் பார்த்துக்கொள்.

கீழ் எண் இரண்டு பேருக்கும் 90தான் வந்திருக்கிறது, மேல் எண்ணில் மட்டும் 30 இடிக்கிறது. அநேகமாக நீ நாடியைத் தொட்டுப் பார்க்காமல் நேராகக் காற்றடித்திருப்பாய். மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டு காற்றை ஏற்று. எந்த இடத்தில் துடிப்பு மறைகிறதோ, அதற்கு மேல் இன்னும் 20, 30 ஏற்று. அப்புறம்தான் ஸ்டெத். சில வயதானவர்களுக்கு, அதுவும் பல வருஷமாக ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, சத்தம் மேலே ஆரம்பித்து, நடுவில் கொஞ்ச தூரம் மறைந்து, திரும்பவும் கேட்கும். நீ ஏற்றியது அந்த நடு இடைவெளி வரைக்கும்தான் என்றால், இரண்டாவது தடவை கேட்கிற சத்தத்தைத்தான் முதல் சத்தம் என்று எழுதுவாய். நாடியைத் தொட்டுப் பார்த்திருந்தால் இது நடக்கவே நடக்காது.

காற்றை இறக்கும்போது வினாடிக்கு 2 மி.மீ. போதும். வேகமாக இறக்கினால் முதல் சத்தம் கைநழுவிவிடும். 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொல்லிக்கொடுத்த அதே சத்தத்தைத்தான் இன்றைக்கும் கேட்கிறோம். அதைக் கேட்கப் பொறுமை வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும், நோயாளி பேசாமல் இருக்கட்டும். ஸ்டெத்தின் தலையை, கையில் சுற்றும் கஃப் பட்டைக்கு அடியில் சொருகாதே. பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும், பெரிய கஃபைத் தேடி எடு. ரொம்ப முக்கியம்: கேட்கவில்லையென்றால் 'கேட்கவில்லை சிஸ்டர்' என்று சொல். 120/80 என்று நீயாக எழுதிவிடாதே.

கேள்வி: வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்ற ரத்த நரம்பில் செருகும் பிளாஸ்டிக் குழாய்) போடப் போனால் கை நடுங்குகிறது. ரத்தம் வந்ததும் சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் அடுத்த நொடியே வீங்கிவிடுகிறது. நோயாளி முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.
- ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) இரண்டாமாண்டு மாணவி, தேனி

ரத்தம் வந்த பிறகு வீங்குகிறது என்றால், ஊசி முனை நரம்புக்குள் போய்விட்டது, மேலே உள்ள பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியே நிற்கிறது என்று அர்த்தம். ஊசி முனை குழாயைவிடக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் பின்னால் ரத்தம் தெரிந்ததும் நின்றுவிடாதே, மேலே தள்ளியும் விடாதே. கோணத்தைத் தாழ்த்தி, தோலோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து, ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் உள்ளே போ. பிறகு ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கை மட்டும் வழுக்கிவிடு. உன் பிரச்சினை அந்த ஓரிரு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

நடுக்கம் குறைய ஒரே வழி, குத்துவதற்கு முன்னாலேயே பாதி வேலையை முடித்துவிடுவது. பிளாஸ்டரைக் கிழித்து ட்ரே ஓரத்தில் ஒட்டி வை. சலைன் சிரிஞ்சை நிரப்பி வை. நிறம் பார்த்து எடு: அறுவை சிகிச்சைக்கோ ரத்தம் ஏற்றவோ பச்சை 18 கேஜ் அளவு, சாதாரண ட்ரிப்ஸுக்கு பிங்க் 20, மெல்லிய நரம்புள்ள பாட்டிக்கு நீலம் 22, குழந்தைக்கு மஞ்சள் 24. நின்றுகொண்டு குனியாதே, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்.

அடுத்தது, கேள். "அம்மா, எந்தக் கையால சாப்பிடுவீங்க?" சாப்பிடும் கையில் லைன் போட்டால் இரண்டு நாளைக்கு அந்த அம்மாவுக்கு யாராவது ஊட்டிவிட வேண்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் நரம்பையும் இணைத்த இடம்) வைத்த கை, மார்பகம் எடுத்த பக்கத்துக் கை, இரண்டையும் தொடக்கூடாது. கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல், நரம்பு நிரம்பும். டூர்னிகே என்கிற இறுக்குப் பட்டையைக் குத்தும் இடத்துக்கு நான்கைந்து விரல்கடை மேலே கட்டு. ஒரு நிமிஷத்துக்கு மேல் நரம்பு தேட வேண்டியிருந்தால் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டு.

கண்ணால் தேடாதே, விரலால் தேடு. நல்ல நரம்பு அழுத்தினால் மெத்தென்று இருந்து எழும்பும். துடித்தால் அது தமனி, விட்டுவிடு. கெட்டியாகக் கயிறு மாதிரி இருந்தால் அது தசைநாண். வயதானவர்களுக்குப் புறங்கையில் நரம்பு புடைத்துக்கொண்டு தெரியும், ஊசி பட்டதும் நழுவி ஓடும். இடது கட்டைவிரலால் தோலைக் கீழ்ப்பக்கம் இழுத்துப் பிடித்தால் ஓடாது. ஸ்பிரிட் தடவினால் காயட்டும், காய்ந்த பிறகு அந்த இடத்தைத் திரும்பத் தொடாதே.

குழாய் உள்ளே போனதும் முதலில் டூர்னிகேயை அவிழ். குழாய் முடியும் இடத்தில் தோல்மேல் விரலால் அழுத்திக்கொண்டு ஊசியை உருவு. சலைன் செலுத்தி, வீக்கமோ வலியோ இருக்கிறதா என்று பார். உருவிய ஊசியைத் திரும்ப அதே குழாய்க்குள் தள்ளவே கூடாது, குழாயின் முனை வெட்டுப்பட்டு ரத்தத்தோடு போய்விடும். இரண்டு தடவை முயன்றும் கிடைக்கவில்லையா, வேறொருவரைக் கூப்பிடு. மூன்றாவது குத்தல் உன் பயிற்சிக்காக என்று ஆகிவிடும். அதற்கு அந்த நோயாளி சம்மதிக்கவில்லை.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஜி.என்.எம். சேர்ப்பதா, பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ப்பதா?
- ஒரு தாய், பெரம்பலூர்

உயிரியல் பாடம் எடுத்து, மதிப்பெண்ணும் இருந்தால் பி.எஸ்ஸி. நான்கு வருஷம். மேற்படிப்புக்கும் ஆசிரியர் வேலைக்கும் அது நேர்வழி. வீட்டுச் சூழ்நிலைக்குச் சீக்கிரம் வேலை வேண்டுமென்றால் மூன்று வருஷ ஜி.என்.எம். தாழ்ந்ததில்லை. பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்துக்கொள்ளலாம். எதில் சேர்த்தாலும், படித்து முடித்ததும் தமிழ்நாடு நர்சஸ் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா, மாணவிகளை எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை படுக்கை என்று கேளுங்கள். பளபளவென்று கட்டடம் இருந்து வார்டில் நோயாளி இல்லாத கல்லூரியில் பெண் என்ன கற்றுக்கொள்வாள்?

கேள்வி: வார்டில் இன்சுலின் சிரிஞ்சில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு இருக்கிறது. இல்லாதபோது எதையாவது எடுத்துப் போடுகிறார்கள். பரவாயில்லையா?
- பி.எஸ்ஸி. நர்சிங் மாணவி, கடலூர்

கூடவே கூடாது. இதைக் கேட்டதற்காகவே உன்னைப் பாராட்ட வேண்டும்.

நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி. மில்லிக்கு 100 யூனிட் மருந்தும் உண்டு. அதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லையே என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். மாற்றிச் செய்தால் இன்னும் ஆபத்து: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிக் கிடப்பார்.

மூடியின் நிறத்தோடு நிறுத்தாதே. பாட்டிலில் எழுதியிருப்பதையும் சிரிஞ்சில் எழுதியிருப்பதையும் சத்தமாகப் படித்து, பக்கத்தில் இருக்கும் ஸ்டாஃபிடம் காட்டு. பிறகு கட்டில் பக்கம் போய், சாப்பாடு வந்துவிட்டதா, சாப்பிடுகிற நிலையில் இருக்கிறாரா, வாந்தி எடுத்தாரா என்று பார். காலையில் ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு இருக்கிற நோயாளிக்கு வழக்கமான ஊசியைப் போட்டுவிடும் அபாயம் எந்த வார்டிலும் உண்டு. அப்படி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதே.

கேள்வி: நான் ஆண் நர்சிங் மாணவன். பெண் நோயாளிகள் என்னைக் கண்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். அவமானமாக இருக்கிறது.
- மூன்றாமாண்டு மாணவர், திருப்பத்தூர்

தம்பி, அது உன்மேல் உள்ள வெறுப்பில்லை, அவர்களுடைய கூச்சம். நின்ற இடத்திலிருந்தே பெயரைச் சொல், படிக்கிறவன் என்று சொல், என்ன செய்யப் போகிறாய் என்றும் சொல்: "அம்மா, நாடி மட்டும் பார்க்கணும், கையைக் குடுக்கிறீங்களா?" அவர் கையை நீட்டும்வரை தொடாதே. உடை விலக்க வேண்டிய வேலைக்குத் திரையை இழுத்துவிட்டு, ஒரு பெண் ஸ்டாஃபைக் கூட வைத்துக்கொள். வேண்டாம் என்றால் மரியாதையாக ஒதுங்கிவிடு. ஆண்கள் வார்டில் சிறுநீர்க் குழாய் மாற்ற ஒரு ஆண் வரமாட்டானா என்று வாய்விட்டுச் சொல்லாமல் காத்திருக்கிற தாத்தாக்கள் நிறையப் பேர். உன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: போன வாரம் பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டது. பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. தோழிகள் ரத்தத்தைப் பிதுக்கிவிடச் சொன்னார்கள். இப்போது தூக்கம் வரவில்லை.
- பெயர் வெளியிட வேண்டாம்

இதைப் படித்த உடனே வார்டு சிஸ்டரிடமோ ஆசிரியையிடமோ போய்ச் சொல். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தோடு அந்தக் கெடு முடிந்துவிடும். உனக்கு அது தாண்டிவிட்டது, ஆனாலும் செய்ய வேண்டியது இருக்கிறது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் இப்போது ஒரு பரிசோதனை, டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பரிசோதனை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறாயா என்றும் பார். எச்.ஐ.வி. உள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். இதைத் தெரிந்துகொண்டு கொஞ்சம் தூங்கு.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். குத்தினால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்த நிமிஷமே சொல்லுங்கள். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல், கையோடு வெள்ளைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள்: குத்திவிட்டது என்று சொல்லி வரும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒருத்தியைத் திட்டினால் அடுத்த பத்துப் பேர் மறைப்பார்கள்.